கால்பாகம் போதும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கால்பாகம் என்று பெயர். நான்தான் வைத்தேன், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள், கோபப்பட மாட்டாள். கோபப்பட்டிருந்தால் விட்டுத் தொலைத்திருப்போம்.

நான் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளன். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. வரிசையாக இரும்பு அலமாரிகள், அவற்றுக்குள் ஓயாமல் இரையும் மெஷின்கள். அவை சூடேறாமல் இருக்க அறையைக் குளிரவைத்திருப்பார்கள். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே ஊழியன் நான்தான். மேல்மாடியில் இருக்கிற படித்த கூட்டம் போடும் கணக்கெல்லாம் என் மெஷினில்தான் ஓடியாக வேண்டும். யாருடையது முதலில், யாருடையது அப்புறம் என்று வரிசை வைப்பது என் வேலை. அந்த அதிகாரத்தை நான் கொஞ்சம் ருசித்தே அனுபவித்தேன். அதற்காக என்னைத் திட்டாதவர்கள் மேல்மாடியில் குறைவு.

கணக்கு என்றால் இதுதான். இதய வால்வு கெட்டுப்போனவர்களுக்கு அதை வெட்டியெடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்துத் தைப்பார்கள். ஒரு வளையம், அதற்குள் அரைவட்டமாக இரண்டு இலைகள், கதவு மாதிரி கீலில் ஆடும். இதயம் சுருங்கும்போது திறக்கும், விரியும்போது டிக்கென்று மூடும். அந்த வழியாக ரத்தம் எப்படிப் பாய்கிறது, எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. தேங்குகிற இடத்தில் ரத்தம் உறையும், உறைந்தால் ஆபத்து. ரத்தம் ஓடும் இடம் முழுவதையும் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். கட்டம் பிரிப்பது அவள் வேலை. ஒரே ஒரு துடிப்புக்குக் கணக்கு முடிய என் மெஷின்களுக்கு நாள்கணக்கில் ஆகும்.

மற்றவர்கள் முழு வால்வையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவள் மட்டும் கால்பாகம்தான் கொண்டுவருவாள். வால்வில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான், மேலும் கீழும் ஒன்றுதான், ஒரே கணக்கை எதற்கு நாலு தடவை போட வேண்டும் என்பது அவள் கட்சி. ஓர் இலையில் பாதிக்கு மட்டும் கணக்குப் போடுவாள். மீதி முக்கால் பாகத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி ஒட்டிவிடுவாள். கீல் இருக்கும் இடுக்கையும் மழுப்பிவிடுவாள். அத்தனை சின்ன இடத்துக்குக் கட்டம் போட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும். படம் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சிவப்பும் நீலமுமாக ரத்தம் பாய்வதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கேட்ட கேள்விக்கு அவள் கணக்கு தப்பான பதில் சொன்னதில்லை. என் மெஷினையும் அதிகம் தின்னவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போக அதுவே போதுமானதாக இருந்தது.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். அவர் நெஞ்சுக்குள்ளும் அதே மாதிரி வால்வு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் மாசமாக இருந்தபோது அவர் மாடிப்படியில் மயங்கி விழுந்து, வால்வு சுருங்கிவிட்டது என்று கண்டுபிடித்து, மாற்றினார்கள். வீட்டிலும் வால்வு, ஆபீசிலும் வால்வு என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வருவார். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். டிக், டிக், டிக். மேல்மாடி அமைதியாக இருந்தால் வராந்தாவிலிருந்தே கேட்கும். வாயைத் திறந்தால் இன்னும் பலமாகக் கேட்கும். குழந்தைகளைக் கண்டால் ஆவென்று வாயைப் பிளந்து காட்டிச் சிரிக்கவைப்பார். பரீட்சை ஹாலில் அவர் காவலுக்கு நின்றால் பையன்களுக்குக் கொண்டாட்டமாம். வாத்தியார் எந்த வரிசையில் வருகிறார் என்று காதாலேயே தெரிந்துகொண்டு பிட்டை மடித்து வைத்துவிடலாம்.

"அந்தச் சத்தம் கேட்டாத்தாண்ணா எனக்கு வீடு வீடா இருக்கு," என்று ஒருமுறை சொன்னாள். "என் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப அவர் நெஞ்சு மேல போட்டாத்தான் தூங்குவா. அவர் எந்த ரூம்ல இருக்கார்னு நான் கூப்பிட்டே கேட்டதில்ல."

"அவருக்குத் தொல்லையா இருக்காதா?" என்றேன்.

"அவருக்கு என்ன? எனக்கு எப்படியோ அவருக்கும் அப்படித்தான்."

இப்படித்தான் பேசுவாள். அவளுக்குக் குளிரெடுத்தால் அவருக்கும் ஒரு ஸ்வெட்டர் வரும். அவளுக்குப் பசித்தால் அவர் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும். மனுஷர் நல்ல மாதிரி, ஒன்றும் சொல்ல மாட்டார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம், அவர் மேல்மாடிக்கு வராமல் கீழேயே என் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நான் அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"எங்கிட்டயும் சொன்னார். காதை வச்சுக் கேட்டேன்ணா. சத்தம் வருது, ஒரு துடிப்பு கூட விடல. இவர் படி ஏறுறதே கிடையாது, உடம்பு போட்டுருச்சு."

அவள் பார்த்தது அவ்வளவுதான். டிக் சத்தம் வருகிறது, ஆகவே வால்வு வேலை செய்கிறது. சத்தம் கொஞ்சம் மங்கியிருந்ததை அவளும் கவனித்திருக்கிறாள், உடம்பு போட்டதால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். வெளியாளாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். ஓர் இலை நன்றாக மூடினால் மற்றதும் மூடத்தானே வேண்டும் என்று நம்புவதற்கு எங்கள் கூடத்தில் கால்பாகமாக வருஷக்கணக்கில் வேலை பார்த்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு அவள் மேல் கோபம் வருகிறது. கோபப்பட்டு என்ன செய்ய.

ஒரு திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு போன் வந்தது. அவள் என் அறைக்கு வந்து, "அண்ணா, வண்டி எடுங்க," என்றாள். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. என் பழைய காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து லாரியின் நம்பரை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நிதானமான மனுஷி. எக்ஸ்ரேயிலேயே ஓடும் படமாக எடுத்திருந்தார்கள். இருட்டு அறையில் ஒரு சின்னத் திரை. சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள், நடுவே கறுப்பாக இரண்டு கோடுகள். ஒரு கோடு திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்றது சும்மா நின்றது.

"இது நல்லா ஆடுது. இது பாதி மூடின நிலையில அப்படியே நின்னுருச்சு," என்றார் டாக்டர். "இந்த மூலையில, கீல் கிட்ட, ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கு. ஆடுற இலையோட சத்தம் மட்டும் உங்களுக்குக் கேட்டிருக்கும்."

அவள் திரையையே பார்த்தாள். வால்வோடேயே குடித்தனம் நடத்தியவள், இரண்டு இலையும் வேறு வேறாக இருக்கிற ஒரு வால்வை அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"இது எங்க கணக்குல வராது," என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, கட்டியைக் கரைக்கிற மருந்தை நரம்பில் ஏற்றுவது. கரைந்தால் பழைய வால்வே மறுபடி ஆடும். துணுக்கு எதுவும் உடைந்து மூளைக்குப் போய்விட்டால் கை கால் போகலாம், ஆளே போகலாம். இன்னொன்று, நெஞ்சை மறுபடி திறந்து வால்வை மாற்றுவது. இரண்டாம் தடவை திறப்பது முதல் தடவை மாதிரி இல்லை, அதிலும் உயிருக்கு ஆபத்து உண்டு. கட்டி ரொம்பச் சின்னதாகவும் இல்லை, ரொம்பப் பெரிதாகவும் இல்லை, இரண்டில் எதையும் செய்யலாம் என்றார் டாக்டர். "நீங்க ரெண்டு பேரும் பேசி நாளைக்குக் காலைல சொல்லுங்க. அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்."

வாத்தியார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். அவளைப் பார்த்ததும், "என்ன, வால்வு டாக்டரம்மா, நீயே முடிவு பண்ணு," என்றார். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "சரி," என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

வெளியே வந்ததும், "ஆபீசுக்குப் போங்கண்ணா," என்றாள்.

மதியம் மூன்று மணி இருக்கும். என் அறையில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து கீபோர்டை இழுத்துக்கொண்டாள். முழு வால்வுக்கும் கட்டம் போட ஆரம்பித்தாள். ஓர் இலையைப் பாதி மூடிய நிலையில் நிறுத்தினாள். டாக்டர் காட்டிய மூலையில் கீலையும் வரைந்து, அதில் கட்டியையும் வைத்தாள்.

"பாதி போட்டாப் போதாதா? ரெண்டு இலையும் வந்துருமே," என்றேன். பழக்கதோஷம்.

"கட்டி கீலோட ஒரு முனையிலதான் இருக்கு. பாதி போட்டுத் திருப்பினா இன்னொரு முனையிலயும் ஒரு கட்டி வந்துரும். பொய்யாயிடும்." திரும்பாமலேயே சொன்னாள். "எனக்கு முழு மெஷினும் வேணும்ணா. எல்லா அலமாரியும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். ஓடிக்கொண்டிருந்த கணக்கையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மேல்மாடியிலிருந்து போன் மேல் போன். எடுக்கவே இல்லை. அவள் கணக்கு ஏறியது. எப்போது முடியும் என்று மெஷின் ஓர் உத்தேசம் காட்டும். ஐந்து வாரம் என்று காட்டியது.

"இது முடியறதுக்குள்ள..." என்று இழுத்தேன்.

"தெரியும்."

"பின்ன எதுக்கும்மா?"

"எனக்கு வேற எதுவும் தெரியாதுண்ணா." கைகளைக் கொண்டுபோய் மெஷினின் சூடான காற்று வருகிற பக்கம் வைத்துக்கொண்டாள். "காலைலேர்ந்து எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகை வரல, பயம் கூட வரல. பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. இதையாவது பண்ணினா ஏதாவது தோணுமான்னு பார்த்தேன். தோணல."

டீ வாங்கிவந்து வைத்தேன். ஏடு கட்டுகிற வரை அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "மருந்து ஏத்தச் சொல்லிடலாம்னு இருக்கேன்," என்றாள். "கரைஞ்சா எல்லாம் முன்ன மாதிரியே ஆயிடும். அதே வால்வு, அதே சத்தம். அவருக்கும் அதான் பிடிக்கும்."

எனக்கு அப்போது பொறுமை போயிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, மேலதிகாரிக்கு என்ன சாக்கு சொல்வது என்ற கவலை வேறு. எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"அவருக்கு என்ன பிடிக்கும்னு அவரைக் கேட்டியா? இல்ல, அதையும் கண்ணாடியில திருப்பிப் போட்டுக்கிட்டியா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், கோபமில்லாமல். நான் வேறு ஏதோ பாஷையில் பேசியது போல யோசித்தாள். பிறகு எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் வெளியே போகப் பார்த்தேன், அவர் விடவில்லை, கதவோரமே நின்றேன். அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவருக்குச் சொன்னாள். "உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவர் காதில் அதிகம் விழுந்திருக்காது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"ஆபரேஷனே பண்ணிடச் சொல்லு," என்றார். "இந்த மாதிரி இலை ஆடுற வால்வு வேண்டாம். ஏதோ மாட்டுச் சவ்வுல செய்வாங்களாமே, அதை வைக்கச் சொல்லு."

"அது பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேஞ்சு போயிடும். மறுபடி மாத்தணும். உங்க வயசுக்கு அது..."

"தேயட்டும். சத்தம் போடாதுல்ல?"

அவள் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எனக்கு இந்தச் சத்தம் பிடிக்கலம்மா," என்றார். மெதுவாக, அவளுக்கு வலிக்கக்கூடாது என்கிற மாதிரி. "ஒரு நாள் கூடப் பிடிக்கல. பாடம் நடத்துறப்ப கேக்குது. குளிக்கிறப்ப கேக்குது. ராத்திரி தலையணையில காதை வச்சா உள்ள யாரோ உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு. பசங்களுக்கு வேடிக்கை காட்டினேன், வேற என்ன பண்றது? ஒரு தடவையாவது சத்தமே இல்லாம சும்மா உக்காந்திருக்கணும்னு இருக்கு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ அது இல்லாட்டி தூங்க மாட்டியே."

அறையில் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மங்கலாக, ஒற்றை இலையில். அவள் எழுந்து நர்சிடம் போய், ஆபரேஷன் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. திரும்பி வரும்போது காரில் மறுபடி லாரி நம்பர்.

ஆபரேஷன் நீளமாகப் போனது. நடுவில் ஒருமுறை ரத்தம் நிற்கவில்லை என்று வெளியே வந்து சொன்னார்கள், பிறகு நின்றுவிட்டது என்றார்கள். இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரிதான் தலையாட்டினாள். அவர் பிழைத்துக்கொண்டார். கழற்றிய வால்வைக் கேட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பியில் வாங்கிவந்தாள். என்னிடம் காட்டினாள். குண்டூசியால் தள்ளினால் ஓர் இலை வழுக்கிக்கொண்டு ஆடியது, மற்றது அசையவில்லை. மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

வேலைக்குத் திரும்பினாள். எல்லாம் ஒழுங்காகவே செய்தாள். நான் கால்பாகம் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவள் அதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "நல்லா இருக்கார்," என்பாள், படிவத்தில் நிரப்புகிற மாதிரி. ஒரே ஒரு நாள் மட்டும் கூடுதலாகப் பேசினாள்.

"வீட்ல அவர் இருக்காரான்னே தெரியலண்ணா. சமையல் பண்ணிக்கிட்டே இருப்பேன், திடீர்னு அடுப்பை அணைச்சுட்டுப் போய்ப் பார்ப்பேன். பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பார். திரும்பி வந்து அடுப்பைப் பத்த வைப்பேன். மறுபடி போவேன். பொழைச்சுட்டார்னு எனக்குத் தெரியும். தெரியுது, ஆனா உள்ள போகல."

"சந்தோஷமா இருக்காரா?"

"ரொம்ப. ஜன்னல்கிட்ட சும்மா உக்காந்திருக்கார். மணிக்கணக்கா. முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

அவளுக்குப் பொறாமையோ என்று நினைத்தேன். இல்லை. அவளுக்கு எதுவுமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

அவள் ஏற்றிவிட்ட கணக்கை நான் நிறுத்தவே இல்லை. மேலதிகாரி கத்தினார், மற்றவர்களுக்குப் பாதி மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன், மீதியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. சொன்னதற்கு மேலும் இழுத்து, ஒருநாள் சாயங்காலம் முடிந்தது. எனக்கே ஆர்வம் தாங்கவில்லை. மேல்மாடிக்கு ஏறிப்போய் அவள் திரையிலேயே படத்தைப் போட்டேன். மற்றவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள், அவள் மட்டும் இருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக மேஜை மேல் விழுந்தது.

முழு வால்வு. ஓர் இலை திறந்தது, மூடியது. மற்றது நின்றது. ஆடுகிற பக்கம் ரத்தம் சிவப்பாகச் சீறிக்கொண்டு போனது. நிற்கிற இலைக்குப் பின்னால் கருநீலமாக ஒரு குட்டை, அசைவே இல்லாமல். நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு துடிப்பு முடிந்ததும் படம் முதலிலிருந்து ஓடும். திரும்பத் திரும்ப ஓடியது. சத்தமில்லாத படம்தான். வெகுநேரம் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

"திருப்பி ஒட்டினா ஒட்டவே ஒட்டாதுண்ணா, பாருங்க," என்றாள் கடைசியில். "இந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு அந்தப் பக்கத்துக்குத் தெரியவே இல்ல."

படத்தை மூடிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கதவு நிலையில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆற அமர நின்றுகொண்டிருந்தார். படியேறி வந்திருக்கிறார். மூச்சு வாங்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

"வந்து ரொம்ப நேரமாச்சு. நீங்க பார்த்துக்கிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நின்னேன்."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. முதலில் வெறும் கோபம்தான் வந்தது. "சத்தம் கொடுத்துட்டு வரக் கூடாதா?" என்று கத்தினாள். "இப்படியா வந்து நிப்பாங்க? நான் திரும்பிப் பார்க்கலன்னா? எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க, எனக்கு எப்படித் தெரியும்?" கத்திக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அழ வேண்டியது, காரில் அழ வேண்டியது, எல்லாம் சேர்ந்து வந்தது. நான் அங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனால் வாசலில் அவர் நின்றார், எனக்குப் போக வழியில்லை.

வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டார். பிறகு குனிந்து, அவள் காதருகே நாக்கை மேலண்ணத்தில் தட்டி, டிக், டிக், டிக் என்றார்.

அவள் கையை எடுத்து அவர் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாங்க," என்றாள். "நீங்க சும்மா இருங்க. நான் வந்து வந்து பார்த்துக்கறேன்."